உங்களுக்குள் இருக்கும் பதிப்பாளருக்கு வேலை நேரம் குறியுங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். நான்கு வருடத்தில் இரண்டு நாவல்களை நானே வெளியிட்டிருக்கிறேன். மின்னூல், அச்சு இரண்டும் உண்டு. பகலில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கான நேரம். முதல் நாவலின்போது அந்த நேரம் முழுக்க எழுத்துக்குப் போனது. இப்போது விற்பனை அறிக்கையைப் பார்ப்பது, விளம்பரப் படம் செய்வது, என் நாவலைப் பற்றி யாராவது ஏதாவது எழுதினார்களா என்று தேடுவது என்றே கழிகிறது. மூன்றாவது நாவல் ஏழாவது அத்தியாயத்தில் எட்டு மாதமாக நிற்கிறது.

இரண்டாவது நாவல் முதல் மாதம் 31 பிரதி போனது. பிறகு மாதத்துக்கு இரண்டு, மூன்று. தம்பியும் அத்தை மகளும் எழுதிய விமர்சனங்கள் திடீரென்று காணாமல் போய்விட்டன; முன்பின் தெரியாத ஒருவர் "கதை நகரவே இல்லை" என்று எழுதிக் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. 37ஆம் பக்கத்தில் கதாநாயகியின் பெயரே மாறி அச்சாகியிருப்பதை ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார்; அன்றிரவு நான் தூங்கவில்லை. சித்தப்பாவிலிருந்து பக்கத்து மேசைக்காரர் வரை எல்லோருக்கும் இலவசப் பிரதி வேண்டும். போன வாரம் யாரோ தொலைபேசியில் அழைத்து, பணம் கட்டினால் என் நாவலை சர்வதேசக் கண்காட்சியில் வைப்பதாகச் சொன்னார்கள். அடுத்த நாவலுக்கு இப்போதே முன்பதிவு அறிவித்துவிட்டால் எழுதி முடிக்கும் கட்டாயம் தானாக வரும் என்கிறாள் ஒரு தோழி. நான் எழுத்தாளரா, கடைக்காரரா என்றே தெரியவில்லை. விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடலாம். எதை விடுவது என்பதில்தான் நமக்குள் பேச்சு. உங்கள் கடிதத்தில் உள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், எட்டு வந்தது. எழுதுவது அதில் ஒன்று. மீதி ஏழும் பதிப்பகத்து வேலை. அந்த ஏழில் மூன்றை நாளைக்கே நிறுத்தினாலும் உங்கள் புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகாது.

மற்றவர்கள் எழுதியதைச் செம்மையாக்கிப் பக்கம் அமைத்துப் புத்தகமாக்கிக் கொடுப்பது பத்தொன்பது வருடமாக என் தொழில். தாமே வெளியிடும் எழுத்தாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது அட்டையைப் பற்றியும் விற்பனையைப் பற்றியும்தான். இரண்டு புத்தகம் தாண்டியவர்கள் மட்டும் நேரத்தைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் கேள்வியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு பதிப்பகத்தில் செம்மையாக்குபவர், மெய்ப்பு பார்ப்பவர் (அச்சுக்கு முன் பிழை திருத்துபவர்), பக்கம் அமைப்பவர், அட்டை ஓவியர், கணக்கர், விற்பனையாளர் என்று ஆறேழு நாற்காலிகள் இருக்கும். எழுத்தாளர் அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டார். வேறெங்கோ உட்கார்ந்து அடுத்த நூலை எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் எல்லா நாற்காலியிலும் நீங்களே. அது ஒன்றும் தவறில்லை, தெரிந்துதான் வந்தீர்கள். ஆனால் பதிப்பகத்து வேலைக்கு ஒரு குணம் உண்டு. துண்டு துண்டாக இருக்கும், பத்து நிமிடத்தில் முடியும், முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும். நாவலின் ஏழாவது அத்தியாயத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதி, அதையும் மறுநாள் அடித்துவிடுவோம். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவரின் கை இரவு ஒன்பதரைக்கு எதை நோக்கிப் போகும்? இதைச் சோம்பல் என்றோ ஒழுங்கின்மை என்றோ சொல்லித் திட்டிக்கொள்ளாதீர்கள். கை சுலபமான பக்கம் போகிறது, அவ்வளவுதான்.

அதனால் எழுத்தாளருக்கு நேரம் ஒதுக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், யாருக்கும் நடப்பதில்லை. பதிப்பாளருக்கு நேரம் ஒதுக்குங்கள். புதன் இரவு ஒன்று, சனிக்கிழமை மாலை ஒன்று. விற்பனை, விளம்பரம், கடிதம், திருத்தம் எல்லாம் அந்த இரண்டு வேளைக்குள். மற்ற ஐந்து நாளும் பதிப்பகம் பூட்டு. அன்றைக்கு அறிக்கைப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. பதிப்பாளர் மனம் சும்மா இருக்காது, நடுவில் வந்து "அந்தப் படத்தின் நிறத்தை மாற்றினால் என்ன" என்று காதில் ஓதும். ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துவிட்டு எழுத்துக்குத் திரும்புங்கள். சனிக்கிழமை நோட்டைத் திறக்கும்போது அதில் பாதி தேவையே இல்லாமல் போயிருக்கும். நானும் இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்தால் என்மேல் எனக்கே சிரிப்பு வரும்.

சரி, அந்த அறிக்கை. நீங்கள் அமேசானின் கேடிபி என்ற சுயபதிப்புத் தளம் வழியாக வெளியிட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே அச்சுப் புத்தகம் ஆர்டர் வந்த கணத்தில் அறிக்கையில் ஏறாது. அச்சாகி அனுப்பப்பட்ட பிறகுதான் ஏறும். ராயல்டி, அதாவது விற்பனையில் உங்கள் பங்கு, மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசியில் பணம். ஆக, செவ்வாய் இரவு 11 மணிக்கு நீங்கள் பார்க்கும் எண்ணை வைத்து அன்றைக்கு எடுக்கக்கூடிய முடிவு எதுவுமே இல்லை. நீங்கள் கணக்கு அலுவலகத்தில் இருப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மாதம் ஒருமுறை கணக்கை முடித்தால் போதும். எத்தனை பிரதி, எத்தனை பக்கம் படிக்கப்பட்டது, என்ன வந்தது, என்ன போனது. நான்கு வரி. ஐந்தாம் தேதிக்கு அப்புறம் வரும் முதல் சனிக்கிழமையில் எழுதி மூடிவிடுங்கள்.

முதல் மாதம் 31, பிறகு இரண்டு மூன்று என்று சரிந்ததைச் சொல்லும் இடத்தில் உங்கள் கடிதத்தின் குரலே மாறிவிட்டது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதல் மாதத்தைப் பற்றிய இந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? புத்தகக் கடைகளிலிருந்து. கடைக்காரர் பதிப்பாளரிடம் பிரதிகளை எடுக்கும்போது, விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில்தான் பெரும்பாலும் எடுக்கிறார். அலமாரியில் இடம் கொஞ்சம், புதுப் புத்தகம் வாராவாரம் வருகிறது. சில மாதம் அசையாத புத்தகம் கட்டாகக் கட்டிப் பதிப்பாளரின் கிடங்குக்குத் திரும்பும். கிடங்குக்கு வாடகை, போக்குவரத்துக்குச் செலவு, முன்கூட்டி அச்சடித்ததில் முடங்கிய முதல். இத்தனையும் சேர்ந்துதான் முதல் சில வாரங்களை அவர்களுக்கு வாழ்வா சாவா ஆக்குகின்றன. வெளியீட்டு விழா, முன்பதிவு, முதல் வாரப் பட்டியல் என்ற பரபரப்பெல்லாம் அந்தத் தொழிலின் நெருக்கடியில் பிறந்தவை.

உங்களுக்கு அலமாரியே இல்லை. கிடங்கு இல்லை. பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் ஒருவர் வாங்கினால் ஒன்று அச்சாகிறது, வாங்காவிட்டால் அச்சாவதில்லை. மின்னூல் கோப்பு எத்தனை வருடம் கிடந்தாலும் பழுக்காது, அழுகாது. நாற்பதாவது மாதத்தில் ஒரு வாசகர் வந்தாலும், முதல் நாள் வந்தவருக்குக் கிடைத்த அதே புத்தகம் அவருக்கும் கிடைக்கும். அடுத்த வீட்டுக்காரர் வாடகைக்குப் பயப்படுகிறார் என்று, சொந்த வீட்டில் இருக்கும் நீங்களும் சேர்ந்து பயப்படுவது போல இருக்கிறது இது.

இன்னொன்றும் பாருங்கள். அந்த 31 பேரில் எத்தனை பேர் உங்களுக்குத் தெரிந்தவர்கள்? இருபதுக்குக் குறையாது என்பது என் ஊகம். அவர்கள் உங்களுக்காக வாங்கினார்கள். இப்போது மாதம் இரண்டு, மூன்று பிரதி வாங்குகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்கள் புத்தகத்துக்காக வாங்கியவர்கள். தொழில்காரனாக எனக்கு அந்த 31ஐவிட இந்த இரண்டில்தான் அக்கறை. அதில் ஒருவர் உங்கள் இரண்டாவது நாவலைப் படித்துவிட்டு முதல் நாவலைத் தேடி வந்தால், விளம்பரத்தால் செய்ய முடியாததை உங்கள் எழுத்து செய்திருக்கிறது. அவருக்கு மூன்றாவதாகக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? ஏழு அத்தியாயம். இரண்டு பழைய நாவலுக்கும் இப்போது நீங்கள் செய்யக்கூடிய பெரிய விளம்பரமே எட்டாவது அத்தியாயத்துக்குப் போவதுதான். விற்பனை கூடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் ஒற்றைப் புத்தகத்துக்குச் செய்யும் விளம்பரம் ஏன் கட்டுப்படியாவதில்லை என்பதைக் கணக்காகவே காட்டலாம்.

விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னூலுக்குக் கேடிபியில் இரண்டு விகிதம்: 70 சதவீதம், 35 சதவீதம். விலை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால்தான் 70. அதற்குக் கீழேயோ மேலேயோ போனால் 35. அந்த 70இலும் கோப்பின் அளவுக்கேற்ப ஒவ்வொரு எம்பிக்கும் ஒரு சிறு தொகை கழியும். நாவலுக்கு அது பெரிதில்லை, ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைமாட்டிலும் கனமான படம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு விலையில் 60 சதவீதம். 2025 ஜூனிலிருந்து விலை குறைந்த புத்தகங்களுக்கு 50. அதிலிருந்து அச்சுச் செலவைக் கழித்தது போகத்தான் உங்களுக்கு. அச்சுச் செலவு 35 என்றால், 60 கிடைக்கும் புத்தகத்தில் உங்கள் கையில் 25. இதே புத்தகத்தை வெளிக் கடைகளுக்குக் கொடுக்க 55 சதவீதம் கழிவு தர வேண்டியிருந்தால் மிச்சம் 10தான். இப்போது விளம்பரத்துக்கு வருவோம். ஒரு கிளிக்குக்கு 4 செலவு, பத்துப் பேர் வந்து ஒருவர் வாங்குகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு பிரதி விற்க 40 செலவு. வருவது 25. அந்த ஒருவர் உங்கள் இன்னொரு புத்தகத்தையும் வாங்கினால் மட்டுமே இது தேறும்; எல்லோரும் அப்படி வாங்க மாட்டார்கள். அதனால் விளம்பரப் படம் செய்வதை நான்காவது புத்தகம் வரை தள்ளி வையுங்கள். நிறுத்தலாம் என்று சொன்ன மூன்றில் இது ஒன்று. தினசரி அறிக்கையும், யாராவது ஏதாவது எழுதினார்களா என்று தேடுவதும் மற்ற இரண்டு.

நடுவில் ஒரு எச்சரிக்கை. மின்னூலைக் கேடிபி செலெக்ட்டில், அதாவது அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் திட்டத்தில், சேர்த்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் புத்தகம் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா வாசிப்புத் திட்டத்தில் போகும், படிக்கப்படும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். சில நாடுகளின் விற்பனைக்கு 70 சதவீதம் கிடைக்கவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பதிலுக்கு, 90 நாளுக்கு அந்த மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. முன்னோட்டமாகப் பத்தில் ஒரு பங்கு வரை காட்டலாம், அவ்வளவே. இதை மறந்துவிட்டுத் தன் இணையதளத்தில் முழு நாவலையும் பிடிஎஃப் ஆகப் போட்டு வைத்திருந்த ஒருவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்து, பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். 90 நாள் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் நீங்கள்தான் அந்தக் குறியை எடுக்க வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டு இல்லை.

விமர்சனங்கள் காணாமல் போனது மர்மமெல்லாம் இல்லை. எழுத்தாளரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதக் கூடாது என்பது அமேசானின் விதி. பணம் கொடுத்து வாங்குவது, "நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்" என்று மாற்றிக்கொள்வது இரண்டும்கூடத் தடை. தம்பியிடம் சொல்லிவிடுங்கள், மறுபடி போட வேண்டாம். முன்கூட்டியே இலவசப் பிரதி கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். எழுதியே ஆக வேண்டும் என்றோ நல்லபடியாக எழுத வேண்டும் என்றோ கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்து மெதுவாகவேனும் பலன் கொடுப்பது ஒன்றுதான். நாவலின் கடைசி வரிக்கு அடுத்த பக்கத்தில், வாசகரோடு பேசுவதுபோல இரண்டே வரியில் ஒரு வேண்டுகோள். கதையை முடித்த கையோடு இருப்பவரிடம்தான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதவில்லை என்று நம்புகிறேன். "கதை நகரவே இல்லை" என்பது உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் நாவலை நான் படித்ததில்லை. ஒருவர் சொன்னால் அவருக்கு ஏற்ற புத்தகம் அது இல்லை. ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் அதையே சொன்னால், அடுத்த நாவலைச் செம்மையாக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு. அதோடு இன்னொன்றைச் சோதியுங்கள்: பின்னட்டைக் குறிப்பு. நிதானமான குடும்பக் கதைக்கு "திடுக்கிடும் திருப்பங்கள்" என்று எழுதி வைத்திருந்தால், திருப்பம் தேடி வருகிறவர் ஏமாந்து, ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுத்தான் போவார். குற்றம் அவருடையதும் இல்லை, நாவலுடையதும் இல்லை. அட்டையும் குறிப்பும் தவறான ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டன. புதன்கிழமைப் பதிப்பாளருக்கு இது உருப்படியான வேலை. விளம்பரப் படத்துக்குச் செலவிட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த எட்டு வரிக்குக் கொடுங்கள்.

37ஆம் பக்கம். கதாநாயகியின் பெயர் மாறியது எப்படி என்று என்னால் ஊகிக்க முடிகிறது. முதல் வரைவில் அவளுக்கு வேறு பெயர், பிறகு மாற்றினீர்கள், தேடி மாற்றும்போது வேற்றுமை உருபு ஒட்டிய ஒரு வடிவம் தப்பிவிட்டது. சரியா? நம் மொழியில் பெயர் தனியாக நிற்பதைவிட -ஐ, -உக்கு, -இன் என்று எதையாவது ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அதிகம். ஒட்டும்போது பெயரின் கடைசி எழுத்தும் மாறிவிடும். அதனால் முழுப் பெயரைத் தேடாமல் அதன் முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் தேட வேண்டும்.

எழுதியவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைப் படித்துக்கொண்டே போகும். எனக்கும் அப்படித்தான், என் எழுத்துக்கு இன்னொருவர்தான் மெய்ப்பு பார்க்கிறார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் கண்ணை ஏமாற்ற வேண்டும். எழுத்துரு மாற்றுங்கள். தாளில் எடுங்கள். கணினியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போன சொல்லும் இரட்டித்த சொல்லும் காதில் உடனே இடறும். கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயத்தை நோக்கி வாருங்கள்; கதை இழுத்துக்கொண்டு போகாது, வரிகள் மட்டும் நிற்கும். ஒரு பிழையைத் திருத்தினால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி படியுங்கள். திருத்தும் கை புதுப் பிழையை வைத்துவிட்டுப் போவது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது.

தூக்கம் கெட வேண்டியதில்லை. மின்னூலிலும் பிரிண்ட் ஆன் டிமாண்டிலும் கோப்பை மாற்றி ஏற்றினால் அடுத்த பிரதியிலிருந்து சரியாகிவிடும். ஆயிரம் பிரதி அச்சடித்து அடுக்கிய பதிப்பாளருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்காகச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் ஏற்றாதீர்கள். ஒரு பட்டியல் வைத்து வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகத் திருத்துங்கள். பெயர் மாறியது கதையையே குழப்பும் என்பதால் அதை மட்டும் இந்தச் சனிக்கிழமையே மாற்றிவிடலாம். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லி, அடுத்த நாவலை வெளிவரும் முன்பே படித்துப் பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். இப்படிப்பட்ட கண் காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது.

திருத்தும்போது பக்க எண்ணிக்கை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். புத்தக முதுகின் அகலம் பக்கங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். கேடிபியின் பழுப்புத் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், 300 பக்கத்துக்கு முக்கால் அங்குலம். பல வருடம் முன்பு என் கட்டுரைத் தொகுப்பை அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின இரவு, வயதானவர்கள் படிக்கட்டும் என்று எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்டினேன். 212 பக்கம் 248 ஆனது. அட்டைக் கோப்பைத் தொடவில்லை. ப்ரூஃப் காப்பியும் (சோதனைப் பிரதி) எடுக்கவில்லை, அவசரம். வந்த நூறு பிரதியிலும் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் பக்கம் அமைத்துக் கொடுக்கிறவனின் சொந்தப் புத்தகம். இன்றும் முப்பது பிரதி என் பரணில் இருக்கிறது.

இலவசப் பிரதி விஷயத்தில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. புத்தகத்துக்குப் பத்து என்று எண்ணிக்கை வைத்து, யார் யாருக்கு என்று வெளிவரும் முன்பே எழுதிவிடுங்கள். பதினோராவது ஆளிடம், "பத்துதான் எடுத்தேன், தீர்ந்துவிட்டது, இணையத்தில் இருக்கிறது" என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, மனத்தாங்கலும் வராது. சித்தப்பாவைப் பத்துக்குள் சேர்த்துவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் வாங்கட்டும்.

அப்புறம் அந்தத் தொலைபேசி அழைப்பு. பணம் கட்டாதீர்கள். எழுத்தாளரை நோக்கித்தான் பணம் வர வேண்டும், எழுத்தாளரிடமிருந்து போகக் கூடாது என்று இந்தத் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு. தாமே வெளியிடுகிறவருக்கு அதில் ஒரு சிக்கல்: செம்மையாக்கத்துக்கும் அட்டைக்கும் நீங்கள் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதைக் கொடுப்பது பதிப்பாளராகிய நீங்கள். அட்டை ஓவியருக்குப் பணம் கொடுத்தால் உங்கள் கையில் ஒரு கோப்பு வருகிறது, அது உங்களுடையது. கண்காட்சி மேசையில் ஆயிரம் புத்தகத்துக்கு நடுவே ஒன்றாக வைப்பதாகச் சொல்பவருக்குக் கொடுத்தால் கையில் என்ன வரும்? ஒரு புகைப்படம் வரும். இந்தக் கேள்வியை எல்லா அழைப்புக்கும் கேட்டுப் பாருங்கள், நுழைவுக் கட்டணம் கேட்கும் விருதுக்கும், திரைப்பட உரிமை வாங்கித் தருவதாகச் சொல்பவருக்கும் சேர்த்து. தானாகவே தேடி வந்து உங்கள் நாவலைப் புகழ்கிறவரிடம், கதாநாயகியின் பெயர் என்ன என்று கேளுங்கள், பலருக்குத் தெரியாது. (உங்கள் நாவலில் 37ஆம் பக்கம் மட்டும் படித்தவர் தப்பாகச் சொல்லலாம், அவரை மன்னித்துவிடுங்கள்.) எழுத்தாளர்களைக் குறிவைக்கும் இந்த மாதிரி வியாபாரங்களை 1998 முதல் கண்காணித்து எழுதி வருகிறது ரைட்டர் பிவேர் என்ற அமைப்பு. பெயர் தெரியாத நிறுவனம் கூப்பிட்டால் அங்கே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது நாவலுக்கு ஐஎஸ்பிஎன், அதாவது புத்தக அடையாள எண், எடுக்கும்போது ஒன்றை யோசியுங்கள். கேடிபி இலவசமாகத் தரும் 13 இலக்க எண்ணை வேறு அச்சகத்துக்கோ விநியோகஸ்தருக்கோ எடுத்துக்கொண்டு போக முடியாது. பின்னாளில் வெளிக் கடைகளிலும் வைக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் நாட்டு ஐஎஸ்பிஎன் முகமையிடம் உங்கள் பெயரிலேயே எடுங்கள். கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. அச்சுப் புத்தகம் வெளியான பிறகு தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இந்த எண்ணையும் மாற்ற முடியாது என்பதால் இதை மட்டும் களைப்பான இரவில் செய்யாதீர்கள்.

தோழியின் யோசனை எல்லோருக்கும் தவறு என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் கத்தி இருந்தால்தான் எழுத வரும் என்பவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி இல்லை. ஒரு பெயர்ப் பிழைக்குத் தூக்கத்தை விட்டவர். முன்பதிவு வைத்தால் வெளியாகும் நாளுக்கு 72 மணி நேரம் முன்பு இறுதிக் கோப்பு ஏறியிருக்க வேண்டும். அது முடிந்ததோ இல்லையோ, அன்றைக்கு இருப்பதை அவசரத்தில் ஏற்றிவிடுவீர்கள். அப்போது 37ஆம் பக்கம் மட்டுமில்லை, 38, 39 எல்லாம் சேர்ந்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது ஆள் மெய்ப்பு பார்த்து முடித்த கோப்பு கையில் இருக்கும் சனிக்கிழமையில் தேதி குறியுங்கள். அதுவரை யார் கேட்டாலும், "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்பதே போதும்.

அன்புடன்.